டர்னர் பாணியில் ஒரு புயல் கடல்

1818-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரின் ஃபார்ன்லி மாளிகையில் தங்கியிருந்த ஆங்கில ஓவியர் டர்னர், ஒரே காலையில் ஒரு போர்க்கப்பலை நீர்வண்ணத்தில் வரைந்து முடித்தார். தாள் ஊறும்வரை வண்ணத்தை ஊற்றினார், சுரண்டினார், வெறிபிடித்தவர்போலத் தேய்த்தார் என்று அந்த வீட்டார் பிற்பாடு சொன்னார்கள். சுரண்டுவதற்கென்றே கட்டைவிரல் நகத்தை வளர்த்திருந்தாராம்!

புயல் கடலின் சூட்சுமம் அந்த நகத்தில்தான் இருக்கிறது. நுரையைத் தீட்டுவதில்லை, தாளிலிருந்து மீட்டெடுக்கிறோம். அதனால் வெள்ளை வண்ணத்தை இன்று தொடாதீர்கள்.

நமக்கு மாதிரி, 1830-களின் நடுவில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் முனையை அவர் வரைந்த லாங்ஷிப்ஸ் கலங்கரை விளக்கப் படம். கலங்கரை விளக்கம் தூரத்தில் சின்னதாக நிற்கும். தாளை ஆள்வது கடல்தான்.

1. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் தாளின் நான்கு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். இண்டிகோ (கருநீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) என மூன்று வண்ணம் போதும்.

2. தாள் முழுவதும் தண்ணீர் பூசி, அடிவானத்தருகே ஓக்கரை லேசாக இழையுங்கள். ஈரம் மினுமினுக்கும்போதே இண்டிகோவில் கொஞ்சம் சியன்னா கலந்து மேலே விட்டு, பலகையைச் சாய்த்துவிடுங்கள். மேகம் தானே இறங்கும். பிரஷ்ஷை வைத்து நோண்டாதீர்கள்.

3. மினுமினுப்பு அடங்கியதும், பிழிந்த பிரஷ்ஷால் அலை முகடுகளை ஒற்றி எடுங்கள். மங்கலான வெள்ளை கிடைக்கும். மழைத்தாரைக்கும் இதே வழிதான்.

4. காய்ந்த பிறகு பாறைகள். தண்ணீர் குறைவாக, வண்ணம் கெட்டியாக. பாறையின் அடிப்பகுதியை மட்டும் ஈரப் பிரஷ்ஷால் கரைத்துவிட்டால் நுரைக்குள் புதையும்.

5. இப்போது பிளேடு. தாள் மொறமொறவென்று காய்ந்திருக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு அரை ஈரத்தில் சுரண்டினேன். நார் கிளம்பிப் பஞ்சாகிவிட்டது, அதன்மேல் பட்ட வண்ணமெல்லாம் அழுக்குத் திட்டு. பிளேடைப் படுக்கவைத்து இழுத்தால் சிதறும் சாரல் வரும், முனையால் கீறினால் கூரான நீர்க்கோடு வரும். அலை பாறையில் மோதும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். எல்லா இடத்திலும் கீறினால் கடல் சொறிபிடித்ததுபோல் ஆகிவிடும்.

6. கடைசியில் உடைந்த கப்பல். முழுக் கப்பலை வரைய ஆசை வரும், வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷில் சாய்ந்த பாய்மரம் ஒன்று, மிதக்கும் இரண்டு கட்டைகள். பாய்மரத்தின் அடியை மட்டும் பிளேடால் ஒரு கீறல் கீறி அறுத்துவிடுங்கள். அலை அதை ஏறிக் கடந்துவிடும்.