கண்ணாடியைத் தவிர்க்கும் பிள்ளையிடம் பேசுவது எப்படி?

திருமண வீட்டிலிருந்து திரும்பிய இரவு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த குழுப்படத்தைப் பதினான்கு வயது மகள் இரண்டு விரல்களால் பெரிதாக்கிப் பார்க்கிறாள். மணமக்களை அவள் பார்க்கவில்லை. ரவிக்கையின் கை விளிம்பு அழுத்திய இடத்தில் பிதுங்கியிருக்கும் தன் சதையை மட்டும் பார்த்துவிட்டுப் படத்தை அழித்துவிடுகிறாள். அடுத்த மாத வளைகாப்புக்கு அவள் வரமாட்டாள். பரீட்சை என்று காரணம் சொல்வாள், படிப்பில் அக்கறை வந்துவிட்டதாக நீங்களும் மகிழ்வீர்கள். தன் உடலைப் பற்றி ஒரு பிள்ளை மனத்தில் வைத்திருக்கும் சித்திரம் கோணலாகும்போது, அது பல நேரங்களில் அழுகையாக வெளிப்படாமல் இப்படி ஒவ்வொன்றிலிருந்தும் விலகுவதாகவே வெளிப்படுகிறது. அந்த விலகல் நீடித்தால் பதற்றம், மனச்சோர்வு, உணவின் மேல் வெறுப்பு என்று வளரக்கூடும்.

"நான் குண்டா இருக்கேனாம்மா?" என்று அவள் கேட்கும்போது "யாருடி சொன்னது, நீ ராஜாத்தி" என்று பதில் சொல்லத்தான் எல்லாருக்கும் வாய் வரும். அந்தப் பதில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. திரும்பக் கேட்பாள், திரும்பச் சொல்வீர்கள், பேச்சு முழுவதும் உடலைச் சுற்றியே நிற்கும். அதற்குப் பதிலாக, "ஏன் கண்ணு, இன்னைக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை காத்திருங்கள். பள்ளி வேனில் ஒருவன் வைத்த பட்டப்பெயர், தோழியரின் கூட்டத்தில் இடமில்லாமல் போனது, குறைந்துபோன மதிப்பெண் என்று வேறெங்கோ பட்ட அடிதான் உடலின் மேல் வெறுப்பாக இறங்கியிருக்கும் என்பது பல முறை தெரியவரும். எதுவும் சொல்லாவிட்டாலும் துருவ வேண்டாம். எதிரெதிரே உட்கார வைத்து விசாரிப்பதைவிட, பூண்டு உரிக்கும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதோ பிள்ளைகள் எளிதாகப் பேசுவார்கள்.

அடுத்தது வீட்டுப் பேச்சு. என் பார்வையில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். நம்மில் ஒருவரைக் கண்டதும் "என்ன இப்படி இளைச்சுட்டே", "கொஞ்சம் பூசினாப்பல இருக்கே", "வெயில்ல அலைஞ்சு கருத்துட்டியே" என்று சொல்வது வணக்கம் சொல்வதற்கு ஈடானது. சொல்பவருக்கு அது பாசம். வளரும் வயதுப் பிள்ளைக்கோ, வாசலிலேயே நிறுத்தி எடை போட்டதுபோல. அந்தப் பேச்சை நிறுத்தும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். "அக்கா, அவ உடம்பைப் பத்தி இனிமே பேச வேண்டாமே. அவளுக்கு அது கஷ்டமா இருக்கு. வாங்க, காபி ஆறுது" என்று அவள் காதில் விழும்படி, சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். முதல் முறை முகம் சுளிப்பார்கள். மூன்றாம் முறை பழகிவிடுவார்கள். செல்லமாக வைத்த "குண்டு", "ஒல்லிப்பிச்சான்", "கருப்பி" முதலிய பெயர்களையும் அன்றே விட்டுவிடுங்கள். இதைவிடக் கடினமானது நம் வாயைக் கட்டுவது. புடவை உடுத்திக்கொண்டே "பானை மாதிரி இருக்கேன்" என்று என்னை நானே சொல்லிக்கொள்ளும் வழக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது; பக்கத்தில் பின் குத்திக்கொண்டிருந்த மகள் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்த அன்றுதான் அது நின்றது.

பருவ வயதில் உடல் எப்படியெல்லாம் மாறும் என்பதை மாற்றம் தொடங்கும் முன்பே சொல்லிவைப்பது பாதிப் பயத்தைக் குறைக்கும். பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேர்வது அந்த வளர்ச்சியின் பகுதி. ஆண் பிள்ளைகள் பலருக்கு மார்பு சற்றே வீங்கி, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாக வடிந்துவிடும். இதை யாரும் சொல்லாததால் நீச்சலையும் கபடியையும் விட்டுவிடும் பையன்கள் உண்டு. மாதவிடாய் நெடுநாள் ஒழுங்கற்று இருப்பதோடு முகத்தில் முடியும் எடையும் கூடினால், திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்; சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம்.

பிள்ளையை மட்டும் பட்டினி போடும் 'டயட்' வேண்டவே வேண்டாம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மன உறுதி வாய்ந்த 36 ஆண்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிறு உண்ட ஆய்வில், அவர்களிற் பலர் சோர்வும் எரிச்சலும் மிகுந்து, எந்நேரமும் உணவையே நினைக்கத் தொடங்கினார்கள். பெரியவர்கள் பாடே அப்படியென்றால் வளரும் பிள்ளையின் பாடு சொல்ல வேண்டியதில்லை. எடை உண்மையிலேயே குறைய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், வீட்டில் வாங்கும் எண்ணெயும் பாக்கெட் தின்பண்டமும் எல்லாருக்குமாகக் குறையட்டும். அண்ணனுக்கு மூன்று பூரி, தங்கைக்கு ஒன்று என்ற கணக்கு மட்டும் கூடாது.

கைபேசியைப் பிடுங்குவதாலும் பயனில்லை. பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தபோது, உணவைப் பற்றிக் கவலைக்குரிய மனப்போக்கு 12.7 விழுக்காட்டுப் பள்ளி மாணவியரிடம் காணப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் அது 29.2 விழுக்காடானது என்று ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவு செய்தார். அது கூடத்தில் இருந்த பெட்டி. இப்போதையது தலையணைக்கு அடியில் இருக்கிறது. ஆகவே பிள்ளையோடு உட்கார்ந்து, பார்த்தபின் தன்மேல் வெறுப்பு வரவைக்கும் சமூக ஊடகக் கணக்குகளை அவளையே தேர்ந்தெடுத்து நீக்கச் சொல்லுங்கள். ஃபில்டர் போட்டும் போடாமலும் உங்கள் முகத்தையே படமெடுத்துக் காட்டுங்கள். சிவப்பழகு களிம்புகளையும் பார்த்து வாங்குங்கள். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்கவே 2020 ஆயிற்று. முறையான முகவரியின்றி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றிலோ சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசமும், தோலை மெலிவிக்கும் ஸ்டீராய்டும் இருந்திருக்கின்றன.

வீட்டுப் பேச்சால் தீராத நிலையும் உண்டு. சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய் நெடுநேரம் இருப்பது, உணவைத் தட்டில் பிசைந்து ஒளிப்பது, மாதவிடாய் நின்றுபோவது, மயக்கம், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையைக் கண்ணாடியில் மணிக்கணக்கில் பார்ப்பது, பையன் படிப்பை விட்டுவிட்டு நாள் முழுதும் ஜிம்மிலும் புரதப் பொடியிலும் கிடப்பது என்று எதைக் கண்டாலும் மனநல மருத்துவரை அணுகுங்கள். மூக்கோ தோலோ கோணலாக இருப்பதாக விடாது வதைக்கும் எண்ணம் பேச்சுவழிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டுப்படக்கூடிய நோய். அழகு அறுவைச் சிகிச்சையால் அது பொதுவாகத் தணிவதில்லை. "இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு வந்தால் அன்றே உதவி தேடுங்கள், அவளைத் தனியே விடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926.

மருத்துவமனைக்குப் போகும் முன், எதற்காகப் போகிறோம் என்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். "நீ சரியாச் சாப்பிடாம சோர்ந்து போயிருக்கே, எனக்குக் கவலையா இருக்கு" என்பதே போதும். அங்கு எடை பார்க்கும் இடத்தில் செவிலியரிடம் முன்னதாகவே ஒரு சொல் சொல்லிவையுங்கள்: "சிஸ்டர், எவ்வளவுன்னு சத்தமாச் சொல்ல வேண்டாம், சீட்டுல மட்டும் எழுதிக்கோங்க."