கசக்க வேண்டும்தான், ஆனால் இப்படி அல்ல

போன பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா மகன், பெட்டியில் ஒரு போர்பன் பாட்டிலும் ஒரு கம்பாரி பாட்டிலும் கொண்டுவந்தான். (போர்பன் என்றால் பிஸ்கட் அல்ல, விஸ்கி. கம்பாரி, கசப்பான இத்தாலிய மது.) இரண்டையும் ஆரஞ்சுச் சாற்றோடு கலந்து கசப்பும் இனிப்புமாக ஒரு பானம் செய்வது, கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி எட்டு மணிக்குக் கச்சேரி என்று முடிவாயிற்று. நான் முன்ஜாக்கிரதைக்காரன். நாலு மணிக்கே ஒரு டஜன் சாத்துக்குடியைப் பிழிந்து எவர்சில்வர் சொம்பில் மூடி வைத்துவிட்டேன். ராத்திரி கலந்து கொடுத்ததும் முதல் வாய் குடித்த தம்பி முகத்தைச் சுளித்தான். "அண்ணே, இது சரக்குக் கசப்பா, பழக் கசப்பா?"

பழக் கசப்புதான். சாத்துக்குடியின் சதையிலும் சுளைத் தோலிலும் நாக்குக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்கிறது. பழம் முழுசாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். பிழிந்து, சாற்றின் புளிப்போடு கலந்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்பாக மாறிவிடும். பிழிந்த கையோடு குடித்தால் தெரியாது, மணிக்கணக்கில் வைத்தால்தான் வினை. ஜூஸ் கடைக்காரர் நாம் போய் நின்ற பிறகு பிழிவதில் காரணம் இல்லாமல் இல்லை. ஆகவே பழத்தைக் கடைசியாகப் பிழியுங்கள், கிளாஸில் ஐஸ் போடுவதற்கு முந்தைய நிமிஷத்தில். மிக்ஸி வேண்டாம். விதை அரைபட்டால் அதுவும் கசக்கும். கையால் பிழியும்போதும் தோலும் வெள்ளை நாரும் நசுங்கும் அளவுக்குப் பலம் காட்ட வேண்டாம்.

கசப்பும் இனிப்பும் கலந்த பானம் என்றால் எந்தக் கசப்பும் போகும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாத விஷயமா? பாகற்காய் பிட்லையில் பாகற்காய்தான் கசக்க வேண்டும். அடிப்பிடித்த பருப்பு கசந்தால் அது பிட்லை இல்லை. இந்தப் பானத்தில் கசப்பு கம்பாரியிலிருந்து வர வேண்டும். 1860இல் இத்தாலியில் பிறந்த சிவப்பு மது அது. மூலிகையும் பழமும் ஊறவைத்துச் செய்வது. ஆரஞ்சு இனிப்பையும் கொஞ்சம் புளிப்பையும் தரும், போர்பன் அடியில் நிற்கும்.

ஆரஞ்சு என்றால் எந்த ஆரஞ்சு என்பது அடுத்த குழப்பம். சாத்துக்குடியில் புளிப்பு குறைவு, அதனால் பானம் மந்தமாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் தள்ளுவண்டியில் வரும் கமலா ஆரஞ்சு இதைவிட எவ்வளவோ மேல். சாத்துக்குடிதான் கிடைத்தது என்றால் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து சரிக்கட்டலாம். டப்பா ஜூஸ் பற்றிப் பேச எதுவும் இல்லை, சர்க்கரைத் தண்ணீர். பம்பளிமாஸ் போட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சில கொலஸ்ட்ரால், பிரஷர் மாத்திரைகளோடு அதன் சாறு ஒத்துப்போகாது, மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். மாத்திரை போடுபவர் என்றால் மதுவையும் சேர்த்தே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

போர்பனுக்குப் பதில் கைக்குக் கிடைத்த குவார்ட்டரை ஊற்றினால் என்ன என்று கேட்பார்கள். ஊற்றலாம், ஆனால் அது வேறு பானம். போர்பன் என்று பெயர் வைக்க அமெரிக்கச் சட்டப்படி தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைத்திருக்க வேண்டும். வனிலா வாசனையும் கருகின சர்க்கரை ருசியும் அந்தக் கருக்கலிலிருந்து வருபவை. ஆரஞ்சு கைகோப்பது அவற்றோடுதான். நம் ஊர் மலிவு விஸ்கி பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட், அதில் அந்த வாசனையைத் தேடிப் பயனில்லை.

அளவில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அமெரிக்கச் செய்முறைகள் அவுன்ஸில் பேசும். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 30 மி.லி., அதாவது நம் சின்ன பெக். ஒன்றரை என்று படித்துவிட்டு ஒன்றரை லார்ஜ் ஊற்றினால் 90 மி.லி. ஆகிவிடும். அதன் பிறகு ஆரஞ்சாவது, கம்பாரியாவது! எங்களுக்குச் சரியாக வந்த கணக்கு: போர்பன் 45, கம்பாரி 20, ஆரஞ்சுச் சாறு 60, எலுமிச்சை 10 மி.லி. அளக்கத் தனிச் சாமான் வாங்க வேண்டியதில்லை. இருமல் டானிக் பாட்டிலின் தலையில் கவிழ்ந்திருக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டால் போதும்.

சர்க்கரையை அப்படியே போட்டால் குளிரில் கரையாது, அடியில் மணலாகக் கிடக்கும். பாதிக்குப் பாதி தண்ணீரில் காய்ச்சி ஆறவைத்து ஒரு ஸ்பூன் விடுங்கள். என் கட்சி அச்சு வெல்லம். போர்பனின் ருசிக்கு அது சொந்தக்காரன் மாதிரி. மண் இருக்கும், வடிகட்டாமல் விட்டால் பல்லில் நறநறக்கும். கசப்பு மிஞ்சிவிட்டால் இன்னும் இனிப்பு ஊற்றுவதுதான் எல்லோர் வழக்கமும். அதைவிட இரண்டு கல் உப்பு போட்டுப் பாருங்கள், உப்பு கசப்பை அமுக்கிவிடும். எங்கள் வீட்டில் இருப்பது வேதாரண்யம் உப்பு. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அள்ளிய ஊர் உப்பு. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தவரும் அவரேதான். அந்த உப்பை எதில் போடுகிறேன் என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பாத்திரத்துக்கு வருவோம். ஊர் அழகு தெரியட்டுமே என்று பித்தளை டம்ளர் டபராவில் ஊற்றிப் படம் எடுக்கிறார்கள். வேண்டாம். எலுமிச்சையும் ஆரஞ்சும் பித்தளையில் பட்டால் களிம்புதான். ரசத்துக்கு ஈயச் சொம்பு, புளி பட்டால் ஈயம் பூசிய பாத்திரம் என்று பெரியம்மா வைத்திருந்த சட்டம் இதற்கும் பொருந்தும். கண்ணாடி கிளாஸ் போதும். குலுக்குவதற்கு மூடி இறுகும் அகலவாய் எவர்சில்வர் பாட்டில். பதினைந்து எண்ணும்வரை குலுக்கி, வடிகட்டி ஊற்ற வேண்டும். பழச்சாறு சேர்ந்தால் ஸ்பூனால் கலக்குவது போதாது, தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். சோடா சேர்ப்பதானால் குலுக்கிய பிறகு கிளாஸில் சேருங்கள். பாட்டிலுக்குள் விட்டுக் குலுக்கிய என் மைத்துனர் வேட்டியை மாற்ற வேண்டியதாயிற்று.

ஐஸ் தீர்ந்துபோனால் மார்க்கெட்டில் மீனுக்கு உடைக்கும் பாளத்தை வாங்கி வரும் வீரர்கள் உண்டு. அது மீனுக்கானது, குடிக்க அல்ல. வீட்டு ஃப்ரீசரிலும் கவனம் தேவை. வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்த ஐஸ், ஆரஞ்சு வாசனையை அந்தண்டை தள்ளிவிடும். நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கேன் தண்ணீரில் ஐஸ் போடுவதே சரி.

தம்பி ஊருக்குப் போன பிறகு கம்பாரி தீர்ந்தது. டெல்டா ஊர்களில் அதைத் தேடுவது வீண் அலைச்சல். நார்த்தங்காய்த் தோலை மெல்லிசாகச் சீவி, வெல்லப்பாகில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். கம்பாரி இல்லைதான், ஆனால் கசப்பு நான் போட்ட இடத்தில் நின்றது. ஒரு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பெரியம்மா அதைத் தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். "நார்த்தங்காய் நல்லா இறங்கியிருக்குடா. இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார்.