மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ்: மொட்டை மாடியில் நாமே பொருத்தலாம்

மதுரையில் அம்மா வீட்டு மொட்டை மாடியில், கொடைக்கானல் பக்கம் திருப்பிய பழைய ஆன்டெனா ரொம்ப வருஷம் நின்றது. அந்த அனலாக் ஒளிபரப்பு போன பிறகு, அதே மாடியில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்தேன். ஆள் கூப்பிடவில்லை. ஆனால் ஒரே ஒரு தப்பால் அரை நாள் போயிற்று. அது உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று: டிடி தமிழ் (நம் பழைய பொதிகை) வரும். சன், விஜய் போன்ற கட்டணச் சேனல்கள் வராது; இந்திச் சேனல்கள்தான் அதிகம். இது போதும் என்றால் வேலையைத் தொடங்கலாம்.

வாங்க வேண்டியவை: 2 அடி டிஷ், யுனிவர்சல் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் இருந்து சிக்னலை வாங்கும் கருவி), ஃப்ரீ டிஷ் செட்டாப் பாக்ஸ், ஆர்.ஜி.6 கேபிள், அதன் இரு முனைகளிலும் மாட்ட இரண்டு எஃப் கனெக்டர், ஆங்கர் போல்ட், ஸ்பேனர்.

1. இடம்

செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. நமக்கு அது தென்கிழக்கு. அந்தப் பக்கம் தென்னை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி எதுவும் மறைக்கக்கூடாது. மின்கம்பி பக்கத்தில் போனால் அந்த இடமே வேண்டாம்.

தளத்தில் மட்டும் துளை போடாதீர்கள். தட்டோடு உடைந்தால் அடுத்த ஐப்பசி மழைக்கே கீழே ஒழுகும். டிஷ்ஷைத் தாங்கும் குழாயைக் கைப்பிடிச் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து முடுக்குங்கள். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் பிறகு எந்தக் கணக்கும் ஒத்துவராது.

2. திசை

கைப்பேசித் திசைகாட்டியில் சென்னைக்கு சுமார் 134 டிகிரி, மதுரைக்கு 122, கோவைக்கு 123. இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால் திசைகாட்டி தப்பாகக் காட்டும். நாலடி தள்ளி நின்று பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு: தெருவில் உள்ள சன் டைரக்ட் டிஷ்களும் ஏறக்குறைய இதே பக்கம்தான் பார்க்கும்.

ஏற்றக் கோணம், அதாவது டிஷ் வானத்தை நோக்கி நிமிரும் கோணம், 67 முதல் 69 டிகிரிக்குள். டிஷ்ஷின் பின்பக்க அளவுகோலில் அதை வையுங்கள். முகம் அவ்வளவு அண்ணாந்து தெரியாது, எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் டிஷ்ஷின் அமைப்பு அப்படி. போல்ட்டுகளை முழுசாக முடுக்க வேண்டாம், கையால் தள்ளினால் நகர வேண்டும்.

3. கேபிள்

செட்டாப் பாக்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும். எல்.என்.பி.க்கு மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. கனெக்டருக்குள் கேபிளின் வெளிப்புற வலைக்கம்பியில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் பாக்ஸ் கெட்டுப்போகலாம். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

4. சிக்னல் பிடிப்பது

பாக்ஸ் மெனுவில் எல்.என்.பி. வகை 9750/10600 என்று இருக்கட்டும். சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டைகள் தெரியும்: வலிமை, தரம். நான் ஏமாந்தது இங்கேதான். டிஷ் சுவரைப் பார்த்திருந்தாலும் வலிமைப் பட்டை ஏறி நிற்கும், எல்.என்.பி. இயங்குகிறது என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. அதை நம்பி மூன்று தடவை போல்ட்டை முடுக்கி, மூன்று தடவை கழற்றினேன். தரப் பட்டையை மட்டும் பாருங்கள்.

கீழே ஒருவரை டிவி முன்னால் உட்கார வைத்து, போனில் பேசிக்கொண்டே திருப்புங்கள். எனக்கு அம்மா சொன்னார்கள். டிஷ்ஷை விரல் அகலம் நகர்த்தி, ஐந்து நொடி பொறுங்கள். பாக்ஸ் உடனே காட்டாது. ஒரு சுற்று முழுக்க வரவில்லையென்றால் ஏற்றக் கோணத்தை ஒரு டிகிரி மாற்றி மறுபடியும். தரம் எட்டிப் பார்த்ததும், இனி நகர்த்துவது மயிரிழைதான்.

பிறகு எல்.என்.பி.யை அதன் பிடியிலேயே இருபுறமும் மெல்லச் சுழற்றுங்கள். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால் அதை நன்றாகவே சாய்க்க வேண்டியிருக்கும். பலர் விட்டுவிடுகிற வேலை இது; எங்கள் வீட்டில் பாதி சேனல்கள் இதற்குப் பிறகுதான் வந்தன.

தரம் உச்சத்தில் நிற்கும்போது போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள், பட்டை இறங்குகிறதா என்று கீழே கேட்டுக்கொண்டே. கடைசியாகச் சேனல் ஸ்கேன். பெருமழையில் படம் கொஞ்ச நேரம் நின்றால் டிஷ்ஷைத் தொடாதீர்கள்; மழை விட்டதும் தானாக வந்துவிடும்.