பச்சைப் பிள்ளைக்குக் குரோஷா குல்லா: ஊசி எடுக்கும் முன்பே தொடங்கும் தவறுகள்

மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததுமே செட்டிநாட்டு வீடுகளில் யாராவது ஒருவர் உல்லன் நூலும் குரோஷா ஊசியுமாக உட்கார்ந்துவிடுவார். ஆச்சியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். மணி வேலை, கொட்டான் (பனையோலைக் கூடை) என்று கை சும்மா இருக்காத ஊர் இது. குல்லாவும் ஆசையாகத் தயாராகிவிடும். ஆனால் அப்படிப் பின்னியவற்றில் பல, பிள்ளையின் தலையில் ஒழுங்காக ஒரு நாள்கூட ஏறாமல் பீரோவுக்குள் போய்விடுகின்றன. பின்னத் தெரிந்தவர்கள்தான் பின்னுகிறார்கள். எந்த மாதத்தில் போடப் போகிறோம், எந்த ஊரில் போடப் போகிறோம் என்ற இரண்டை மட்டும் யாரும் முதலில் கேட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

மாதத்தை முதலில் பார்ப்போம். தலைப்பிரசவம், தாய்வீட்டில், புரட்டாசியில் பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காரைக்குடியில் வெக்கை முழுதாகத் தணிந்திருக்காது. கம்பளிக் குல்லாவுக்கு வேலையே இல்லை. அது வேண்டியிருப்பது மார்கழியில், முற்றத்தில் பனி இறங்கும்போது, பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் கூடும் வீட்டுக்கு அந்தி நேரத்தில் பிள்ளையைத் தூக்கிப் போகும்போது. அதற்குள் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி பிறக்கும்போது தலைச் சுற்றளவு சராசரியாக 34 செ.மீ. மூன்று மாதத்தில் அது 40 செ.மீ. ஆறு மாதத்தில் 43-ஐ ஒட்டி வரும், ஒரு வயதில் 45, 46. முதல் மூன்று மாதத்தில் மட்டும் 6 செ.மீ. கூடுகிறது! பிறந்த பிள்ளைக்கென்று பின்னிய குல்லா மார்கழியில் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். அதனால் பிறக்கும் தேதியை விட்டுவிட்டு, போடும் தேதியை வைத்து அளவு எடுங்கள். பிள்ளை கைக்கு வந்துவிட்டதென்றால் இன்னும் நல்லது. இஞ்ச் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவந்தால் அளவு கிடைத்துவிடும்.

குல்லா தலைச் சுற்றளவைவிட 2, 3 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்று சட்டைக்குச் சொல்வதைக் குல்லாவுக்குச் சொல்லக் கூடாது. பெரிய சட்டை தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான். பெரிய குல்லா கண்ணை மூடி மூக்கு வரை இறங்கும். மூன்று மாதப் பிள்ளைக்கு அதைத் தானாக எடுத்துப் போடத் தெரியாது.

சரி, 40 செ.மீ. தலைக்கு 37, 38 செ.மீ. குல்லா. இதைப் பின்னலாக மாற்றும் இடத்தில்தான் அடுத்த தவறு. "60 பின்னல் போடுங்கள்" என்று வீடியோவில் சொன்னால் நாமும் 60 போட்டுவிடுகிறோம். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு. 10 செ.மீ. அகலத்தில் உங்கள் கைக்கு 16 டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒரு தரம் சுற்றிப் போடும் உயரப் பின்னல்) விழுகிறது என்றால், 60 பின்னல் 37.5 செ.மீ. வரும். மிகச் சரி. கை கொஞ்சம் தளர்ந்து 14 விழுந்தால் அதே 60 பின்னல் கிட்டத்தட்ட 43 செ.மீ. ஆகிவிடும், குல்லா கண்ணுக்கு இறங்கும். கை இறுகி 18 விழுந்தால் 33 செ.மீ.தான், பிறந்த பிள்ளைக்குத்தான் ஆகும். 10 செ.மீ.யில் நாலே பின்னல் வித்தியாசம்தான் ஒரு வயதுப் பிள்ளையின் குல்லாவுக்கும் பிறந்த பிள்ளையின் குல்லாவுக்கும் இடையே நிற்கிறது. அதனால் 10 செ.மீ.யைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் இதைத் தாண்டிப் போகாதவர்கள் குறைவு. எண்ணிக்கை கூடினால் ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள், குறைந்தால் சிறிதாக்குங்கள். கையை வலிந்து இறுக்கியோ தளர்த்தியோ பின்னினால் நாலு சுற்றில் பழைய கைக்கே திரும்பிவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. கான்வென்டில் படித்த பெரியவர்களுக்குப் பழக்கம் பிரிட்டிஷ் முறை. யூடியூபில் வருவது பெரும்பாலும் அமெரிக்க முறை. அமெரிக்கர்களின் டபுள் குரோஷே பிரிட்டிஷாருக்கு ட்ரெபிள். பிரிட்டிஷாரின் டபுள், அமெரிக்கர்களுக்குச் சிங்கிள். முறை மாறினால் பின்னலின் உயரம் பாதியாகிவிடும், குல்லா குட்டைப்படும். குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று இருந்தால் அது அமெரிக்க முறை; பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்ற பெயரே இல்லை. இங்கே நான் எழுதுவதும் அமெரிக்க முறைதான்.

உச்சியும் ஓரமும்

கொட்டான் முடைகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: அடி எவ்வளவோ அதைப் பொறுத்துத்தான் வாய். குல்லாவுக்கு உச்சிதான் அடி. வேண்டிய சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் உச்சி வட்டத்தின் குறுக்களவு கிடைக்கும். 38 செ.மீ.க்கு 12 செ.மீ. அதுவரைதான் கூட்டிப் பின்ன வேண்டும். டபுள் குரோஷே என்றால் முதல் வளையத்தில் 12, பிறகு சுற்றுக்கு 12 கூட்டி 24, 36, 48, 60. ஐந்து சுற்றில் வட்டம் 12 செ.மீ. தொடும், பின்னலும் 60 ஆகும். அதன்பின் கூட்டாமல் நேராக இறங்க வேண்டும். உச்சி நடுவிலிருந்து விளிம்பு வரை 15 செ.மீ. வந்தால் மூன்று மாதப் பிள்ளைக்குக் காது மூடும்.

ஐந்தாவது சுற்றில் நிறுத்தாமல், வட்டம் பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஆறாவது சுற்றும் கூட்டிவிடுகிறவர்கள் உண்டு. பிறகு எவ்வளவு இறக்கினாலும் அது தொப்பையாகத்தான் நிற்கும். வட்டத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். ஓரம் சுருக்கம் சுருக்கமாக அலையடித்தால் கூட்டியது அதிகம். கிண்ணம் மாதிரி குழிந்தால் கூட்டியது போதவில்லை, அல்லது கை இறுகியிருக்கிறது. இந்த நிலையிலேயே பிரித்துவிட்டால் போவது இரண்டு சுற்றுதான். "போகப் போகச் சரியாகிடும்" என்று தொடர்வதுதான் குரோஷாவில் மிக விலை உயர்ந்த நம்பிக்கை. தானாகச் சரியாகாது.

எண்ணிக்கை தப்புவது பெரும்பாலும் சுற்று தொடங்கும் இடத்தில்தான். டபுள் குரோஷேயில் சுற்றைத் தொடங்க மூன்று செயின் போடுகிறோம். அந்த மூன்று செயினே ஒரு பின்னலாகக் கணக்கு. நேராகப் பின்னும் சுற்றில், அது நிற்கும் அதே இடத்தில் இன்னொன்று குத்தினால் ஒன்று கூடிவிடும். சுற்று முடியும்போது அந்தச் செயினின் உச்சியில் சேர்க்காமல் பக்கத்தில் சேர்த்தால் ஒன்று குறைந்துவிடும். சுற்றுக்கு ஒன்று குறைந்தால் எட்டுச் சுற்றில் 60 என்பது 52 ஆகி, அடியில் குல்லா வாய் குறுகிப்போகும். சுற்றின் முதல் பின்னலில் வேறு நிறத்தில் ஒரு துண்டு நூலைக் கோத்து விடுங்கள். உச்சி முடியும் வரை ஒவ்வொரு சுற்றையும் எண்ணுங்கள். டிவி ஓடும்போது எண்ணாதீர்கள்.

விளிம்பை ஸ்லிப் ஸ்டிச்சால் (கண்ணி வழியே நூலை இழுத்துவிடும், உயரமே இல்லாத பின்னல்) முடிப்பது பார்க்க நறுவிசாக இருக்கும். ஆனால் அது துளியும் விரியாது. நெற்றியில் சிவப்புக் கோடு விழுவது இதனால்தான். கடைசி மூன்று, நான்கு சுற்றை முன்பக்கமும் பின்பக்கமும் மாற்றி மாற்றி, கீழ்ச் சுற்றுப் பின்னலின் தண்டைச் சுற்றிப் பின்னும் ரிப்பாகப் போட்டால் விளிம்பு விரிந்து கொடுக்கும். மடித்துவிடவும் செய்யலாம், தலை வளர வளர மடிப்பைப் பிரித்தால் கூடுதலாக ஒரு மாதம் ஓடும்.

நூல்

இரண்டாவது கேள்வி, எந்த ஊர். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மார்கழி, தை இரவு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளை இங்கேயே இருக்கப் போகிறது என்றால் பருத்தி நூல் குல்லாவே போதும். பருத்தி விரிந்து கொடுக்காது, அதனால் ரிப் விளிம்பு கட்டாயம். கொடைக்கானலுக்கோ லண்டனுக்கோ போகும் பிள்ளைக்குத்தான் கம்பளி. நம் பிள்ளைகள் பாதிப் பேர் கடல் தாண்டி இருக்கிறார்கள், பிரசவம் பார்க்கப் போகும் ஆயா (தாய்வழிப் பாட்டி) பெட்டியில் குல்லா கட்டாயம் போகும். அங்கே பனிக்காலத்துக்கு மெல்லிய பருத்தி நூலில் பூப்பூவாக ஓட்டை விட்டுப் பின்னியதைக் கொண்டுபோனால் பயனில்லை. ஓட்டை வழியே காற்று போய்விடும். அங்கே போடுவதென்றால் ஹாஃப் டபுளில் (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரப் பின்னல்) நெருக்கமாகப் பின்னி, உள்ளே மல் துணி லைனிங் கொடுங்கள்.

கடையில் உல்லன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது கெட்ட நூல் அல்ல. துவைக்க எளிது, நிறம் நிற்கும், பூச்சி அரிக்காது. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. உண்மையான கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அக்ரிலிக் குல்லா போட்டால் தலை நனைந்து, காற்றுப் பட்டதும் அதுவே குளிரும். லேபிள் இல்லாத நூல் என்றால் ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, நெருப்பில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொசுங்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்த மணியாக இறுகும். பருத்தி காகிதம் எரிவது போல எரியும். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகச் செய்யுங்கள்.

மென்மையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காதீர்கள். பின்னிப் பின்னிக் காய்த்த கைக்கு எல்லா நூலும் மென்மைதான். கழுத்தில், தாடைக்கு அடியில் வைத்துத் தேயுங்கள். அங்கே அரித்தால் பிள்ளைக்கும் அரிக்கும். புசுபுசுவென்று முடி நீட்டி நிற்கும் நூல் வேண்டவே வேண்டாம், இழை மூக்கிலும் வாயிலும் போகும். அப்புறம், வேண்டிய நூலை ஒரே தடவையில், லேபிளில் ஒரே லாட் எண் பார்த்து வாங்குங்கள். அடுத்த வாரம் வாங்கினால் அதே ரோஸ் கிடைக்காது.

அலங்காரம்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மணி, முத்து, பட்டன், சலங்கை எதுவும் பச்சைப் பிள்ளை குல்லாவில் கூடாது. எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் நூல் ஒரு நாள் இற்றுப்போகும், பிள்ளை கையில் கிடைப்பது வாய்க்குத்தான் போகும். பொம்மைகளுக்கு வைத்திருக்கும் பாதுகாப்புச் சோதனையில் சுமார் 32 மி.மீ. குறுக்களவுள்ள குழலுக்குள் அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. நாம் தைக்கும் மணிகள் அதில் எத்தனையோ அடங்கும். திருஷ்டிக்கு ஏதாவது வேண்டும் என்று ஆச்சி சொன்னால், ஒரு ஓரத்தில் கறுப்பு நூலால் சின்னப் பூ எம்ப்ராய்டரி போட்டுவிடுங்கள். தாடைக்குக் கீழே கட்டும் கயிறும் வேண்டாம், கழுத்தை இறுக்கும். அளவு சரியாக இருந்தால் கயிறுக்கு வேலையே இல்லை.

நூல் நுனியை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவதும் தவறு. முடிச்சு பிஞ்சுத் தலையில் உறுத்தும், அக்ரிலிக் வழுக்கி அவிழும். 15 செ.மீ. நுனி விட்டு, தையலூசியில் கோத்து, ஒரு பக்கம் ஓட்டி, திரும்ப எதிர்ப்பக்கம் ஓட்டி, மூன்றாவது முறை குறுக்கே ஓட்டிய பின் வெட்டுங்கள். உச்சியில் மேஜிக் ரிங் (இழுத்தால் சுருங்கும் தொடக்க நூல் வளையம்) போட்டிருந்தால் நுனியை அந்த வளையத்தைச் சுற்றி இரண்டு தரம் ஓட்டுங்கள். நாலு தரம் துவைத்ததும் உச்சியில் ஓட்டை விழுவது இதைச் செய்யாததால்தான்.

போடும்போது

வீட்டுக்குள் தூங்கும் பிள்ளைக்குக் குல்லா போடக் கூடாது. பிறந்த முதல் சில மணி நேரமும், ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நேரமும் தவிர, வீட்டுக்குள் குல்லா வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உடல் சூடேறிவிடும், முகத்தில் சரிந்தால் மூச்சும் திணறும். தூளியில் ஆடும் பிள்ளைக்கு இது இன்னும் கவனம், துணிக்குள் குல்லா சரிந்தது வெளியே தெரியாது. எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு டாக்டர் குல்லா போடச் சொன்னால் அது வேறு, அவர் சொன்னபடி செய்யுங்கள். பிள்ளைக்குக் குளிருகிறதா என்று கைகால் தொட்டுப் பார்க்க வேண்டாம், அது எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொடுங்கள். அங்கே வியர்த்திருந்தால் குல்லாவைக் கழற்றிவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய ஈரத் தலையிலும் வேண்டாம், நன்றாகத் துவட்டி உலர்ந்த பிறகு போடுங்கள். குலதெய்வத்துக்கு முடி இறக்கிய அன்று கம்பளிக் குல்லா போட்டால் சந்தனத்தோடு இழை ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுக்கும்போது பிள்ளை வீறிட்டு அழும். அன்றைக்கு மல் துணிதான் சரி.

துவைப்பது எளிது. கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், பிறகு பொம்மைக்குத்தான் ஆகும். பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் அமுக்கி எடுத்து, துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். அக்ரிலிக் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பின்னல் தளர்ந்து தொய்ந்துவிடும், திரும்ப வராது.

எடுத்து வைக்கும் இடத்தில் பலரும் அறியாமல் செய்யும் ஒன்று உண்டு. பர்மா தேக்கு அலமாரியில் பட்டுக்கும் கம்பளிக்கும் நடுவே பாச்சை உருண்டை போட்டு வைப்பது நமக்குப் பரம்பரைப் பழக்கம். அந்த வெள்ளை உருண்டை பெரும்பாலும் நாப்தலீன். பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அதன் நெடி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். நம் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. அதனால் பிள்ளைத் துணி இருக்கும் தட்டில் அந்த உருண்டையே வேண்டாம். குல்லாவைத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள். அக்காள் பிள்ளை போட்டது உருண்டை வாசத்தோடு வந்தால், துவைத்து இரண்டு மூன்று நாள் வெளிக்காற்றில் உலர்த்தி, வாசம் துளியும் இல்லை என்று பார்த்த பிறகே தங்கை பிள்ளைக்குப் போடுங்கள். அப்போதே உச்சி வளையத்தையும் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.