பழைய செவர்லே லாரிக்கு டைமிங் கியர்: ஃபைபரா, அலுமினியமா?

1950-களின் செவர்லே லாரிகளில் வந்த 235 கன அங்குல, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் கிடையாது, அந்த வேலையை இரண்டு கியர்கள் செய்கின்றன. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கில் சின்ன ஸ்டீல் கியர், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் அதைப்போல் இரு மடங்கு பற்கள் கொண்ட கியர்; பல வண்டிகளில் இது ஃபைபர், அதாவது துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய பொருள். சத்தம் அடங்கியிருக்கத்தான் ஃபைபர். வயதானால் பல் உதிரும். அந்தத் துகள் ஆயில் பானில் இறங்கி, பம்பின் வலையை அடைக்கும்.

மாற்றாக அலுமினிய கேம் கியர் கிடைக்கிறது. உறுதி அதிகம், கூடவே லேசாக ஊளையிடும். பாரம் ஏற்றும் வண்டிக்கு நான் அலுமினியம்தான் சொல்வேன். எப்போதாவது கண்காட்சிக்கு எடுக்கும் வண்டி என்றால் புது ஃபைபரே போதும். பல வருஷம் அலமாரியில் கிடந்த 'புதுசு' மலிவாகக் கிடைத்தால், பல்லடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள். தேய்ந்த ஸ்டீல் கியர் புதியதையும் தின்றுவிடும்.

அப்புறம், கேம் கியரை பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும், சுத்தியல் கூடவே கூடாது. அழுத்தம் நடுவிலுள்ள உலோக ஹப் மேல் விழட்டும், ஃபைபர் விளிம்பில் அல்ல. கேம்ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பிளேட்டை முதலிலேயே மாட்டிவிடுங்கள், கியர் ஏறிய பிறகு அது நுழையாது. அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். பூட்டும்போது இரண்டு கியரின் குறிகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கியர் மேல் ஆயில் பீய்ச்சும் சின்னக் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்துவிட்டு மூடியைப் போடுங்கள்.