மாட்சா வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் தே தாரிக் குடித்தே வளர்ந்த எங்கள் வீட்டிலும் இப்போது மாட்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள்) டப்பா வந்துவிட்டது. தூள் பளிச்சென்ற பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சளடித்திருந்தால் பழையது, இல்லாவிட்டால் மட்டமான ரகம். பறிப்பதற்கு 3, 4 வாரம் முன்பே செடிக்கு நிழல் போடுவதால்தான் அந்தப் பச்சை.

'செரிமோனியல்' ரகம் வெந்நீரில் கலக்கி அப்படியே குடிக்க. பாலுக்கும் கேக்குக்கும் விலை குறைந்த சமையல் ரகமே போதும். கொதிநீர் ஊற்றினால் கசக்கும். 2 கிராமுக்கு 80 டிகிரி நீர் சரி. இலையையே அரைத்துக் குடிப்பதால் கேட்டச்சின் என்ற தேயிலைச் சத்து கூடுதல், கஃபீனும் உண்டு. ராத்திரியில் வேண்டாம். இரும்புச்சத்து குறைந்தவர்கள் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள்.

கெட்டிப்பால் ஊற்றலாமா என்று அம்மா கேட்டார். ஊற்றலாம், அப்புறம் உடம்புக்கு நல்லது என்று சொல்லக்கூடாது!