வீட்டுக் கொல்லையில் மீண்டும் அவரைப் பந்தல்

பழைய ரகப் பந்தல் அவரையை ஆடியில் ஊன்றுவதற்குக் காரணம் உண்டு. பகல் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். சித்திரையில் போட்டால் கொடி பந்தலை மூடும், மாதக்கணக்கில் ஒரு பூ வராது. மலட்டுக் கொடி என்று பலர் பிடுங்கி எறிவது இப்படித்தான். கொடி ஓடாத குத்து அவரை எந்தப் பட்டத்திலும் காய்க்கும். ஆனால் வீட்டில் முன்பு காய்த்த அதே அவரை வேண்டுமென்றால், ஊரில் இன்னும் பந்தல் வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் ஒரு கைப்பிடி விதை கேட்டு வாங்குங்கள்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். எடுத்த மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஆறவிட்டு, மூன்று விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நாலு இலை வந்ததும் திடமான இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். மாடியில் 40 லிட்டர் தொட்டிக்கு ஒரு கொடி போதும். யூரியா வேண்டவே வேண்டாம், தழைதான் மண்டும்.

பந்தல் ஆறடி உயரம் இருக்கட்டும். கொடி மேலே தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் தூரில் மண் அணையுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

பூ வந்ததும் தினமும் பார்க்க வேண்டியது அசுவினிப் பூச்சியை. பூங்கொத்தின் காம்பில் கறுப்பாக அப்பியிருக்கும், எறும்பு வரிசை ஏறினால் அங்கே அது இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே விரலால் நசுக்கி, பனி ஈரத்தில் சலித்த சாம்பல் தூவுங்கள். பரவிவிட்டால், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி. வெயிலில் அடித்தால் இலை கருகும். மண்ணைக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் பூ உதிரும்.

பறிக்கும்போது காயை மட்டும் கிள்ளுங்கள். கொத்தின் நுனியில் இன்னும் பூ வந்துகொண்டிருக்கும்.

விதைக்கு, நன்றாகக் காய்க்கும் கொடியில் நல்ல கொத்துகளைத் தொடாமல் கொடியிலேயே காயவிடுங்கள். உரித்த விதை கடித்தால் பல் பதியக் கூடாது. பதிந்தால் இன்னும் இரண்டு நாள் காயவைத்து, சாம்பலில் புரட்டி மூடிவையுங்கள். ஈரம் இருந்தால் வண்டு விழும்.